இசர்லோன் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஐஸ் ஹொக்கி ஆட ஜேர்மனியில் இசர்லோன் என்ற ஊருக்குப் போகப் போகிறாய். நேற்று இரவு போனை வைக்கும் முன் “சொறி அப்பா” என்று மன்னிப்புக் கேட்டாய். நான் “சரி, சாப்பிட்டாயா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. எதற்குச் சொறி என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். போனில் எனக்கு அப்படிக் கதைக்க வராது, அதனால் எழுதுகிறேன். நீ மெதுவாகத்தான் வாசிப்பாய் என்று தெரியும். தமிழ் வகுப்பும் சனிக்கிழமை, உன் பயிற்சியும் சனிக்கிழமை. நாங்கள் பயிற்சியைத்தான் தெரிவு செய்தோம். விளங்காத இடத்தில் அக்காவிடம் கேள்.

ஏழு வருடமாக உன் பின்னால் அலைந்து இந்த ஹொக்கிக் கணக்கெல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது. வட அமெரிக்காவின் ஆக உயர்ந்த லீக்கான என்.எச்.எல்.லில் 32 அணி. அணிக்கு 23 பேர், அதில் 20 பேர்தான் அன்றைக்கு உடுப்புப் போடுவார்கள். அதற்குக் கீழே ஏ.எச்.எல்.லிலும் 32 அணி. அங்கே விளையாடுகிற அத்தனை பேரும் மேலே இருக்கும் அதே கதிரைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீ மேலே ஏறின நேரம் வருடத்துக்குக் குறைந்தது 775,000 டொலர் கணக்கில் சம்பளம், ஆனால் நாள் எண்ணித்தான் தந்தார்கள். நீ இரண்டு முறை ஏறினாய். இரண்டையும் சேர்த்தால் 9 நாள்.

அந்த வெய்வர்ஸ் நாளை நான் மறக்கவில்லை. உன்னைக் கீழே அனுப்ப முன் 24 மணித்தியாலம் மற்ற 31 அணிகளும் உன்னை எடுக்கலாம் என்று நீதான் எனக்கு விளங்கப்படுத்தினாய். அன்று வேலையில் ஒவ்வொரு இடைவேளைக்கும் போனைப் பார்த்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. எனக்கு நெஞ்சு அடைத்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது உன் மேல் வந்த கோபம் இல்லை. இப்படி ஒரு பிள்ளையை 31 பேர் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறார்களே என்ற ஆற்றாமை.

அப்புறம் அந்த 260 ஆட்டக் கணக்கு. ஏ.எச்.எல்.லில் கோல் காப்பாளர்கள் இல்லாமல் 18 பேர் இறங்கினால், அதில் 12 பேர் 260 ஆட்டத்துக்கு மேல் ஆடாதவர்களாக இருக்க வேண்டும், இன்னும் ஒருவர் 320 தாண்டாதவராக இருக்க வேண்டும். இளம் பிள்ளைகள் வளரத்தான் அந்த விதி. நியாயம்தான், நீயும் 20 வயதில் அந்த விதியால்தான் இடம் பிடித்தாய். ஆனால் உனக்கு இப்போது 27 வயது. 350 ஆட்டத்துக்குக் கிட்ட வந்துவிட்டாய். மீதி இருக்கும் ஐந்து கதிரைக்கு எத்தனை பேர்? இது உன்னுடைய பிழை என்று நீ நினைக்கிறாய் என்றால், என்ன பிழை என்று எனக்கு எழுதி அனுப்பு.

பஃபலோவில் நடந்த அந்த என்.எச்.எல். ஆட்டத்தைப் பற்றி உன்னிடம் இதுவரை கதைத்ததில்லை. அன்று காலையில், ஒருவருக்கு இடுப்புப் பிடிப்பு, இன்றைக்குச் சிலவேளை நான் இறங்குவேன் என்று செய்தி போட்டாய். அம்மா வேலையால் வந்த உடுப்போடு காரில் ஏறினாள். இரண்டு மணித்தியாலம் ஓடி, பாலத்தில் எல்லை தாண்டி வந்து சேர்ந்தோம். வார்ம் அப்புக்கு நீங்கள் இறங்கியபோது கண்ணாடியோடு ஒட்டி நின்றோம். 16 நிமிடம். நீ ஒரு சுற்று வந்து எங்களுக்கு முன்னால் ஸ்டிக்கால் கண்ணாடியில் தட்டினாய். அம்மா போனில் எடுத்த படம் முழுக்க நடுங்கிப் போயிருக்கிறது.

பிறகு அந்தப் பையனுக்கு இடுப்பு சரியாகிவிட்டது. நீ கோட்டும் ரையும் கட்டி மேலே இருந்து ஆட்டத்தைப் பார்த்தாய், நாங்கள் கீழே இருந்து பார்த்தோம். திரும்பும்போது பாலம் தாண்டும் வரை அம்மா ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, “எவ்வளவு வடிவாக வளைஞ்சு போனவன் பாத்தீங்களே” என்றாள். அவ்வளவுதான். உன் பெயருக்கு எதிரே என்.எச்.எல். ஆட்டம் பூச்சியம் என்றுதான் எப்போதும் இருக்கும். ஆனால் நான் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற ஆள். எனக்கு அந்தப் பூச்சியம் தெரியாது.

காசைப் பற்றியும் நீ நினைத்திருப்பாய். பழைய ஸ்கேட்ஸ் வாங்கினோம், பிறகு புதிது வாங்கினோம், ஸ்டிக் ஒன்றே 400 டொலர் ஆன காலம் வந்தது. இரவு வேலை முடித்து நேரே உன்னை ஏற்றிக்கொண்டு விடிய ஐந்து மணிக்கு ஸ்காபரோ கார்டன்ஸ் அரினாவுக்கு வருவேன். உனக்கு ஒன்று சொல்கிறேன், இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. அந்த நேரம் எனக்குப் பிடிக்கும். யாரும் கால் வைக்காத ஐஸ், அந்த அமோனியா மணம், முதல் பிள்ளை இறங்கும்போது கேட்கும் சரக் என்ற சத்தம். பிளாஸ்கில் தேத்தண்ணி, மடியில் அம்மா கட்டித் தந்த புட்டு. எனக்குச் சறுக்கத் தெரியாது, உன் சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்ட மட்டும் தெரியும். அதை நான் உனக்காகப் பட்ட கஷ்டம் என்று நினைத்து வைத்திருக்காதே. நான் விரும்பித்தான் வந்தேன்.

இனி ஜேர்மனி. நீ இசர்லோன் என்று சொன்னதும் நான் ஏன் அப்படிப் பேசாமல் இருந்தேன் என்று அம்மாவிடம் கேட்டாயாம். அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில்தான் நான் மூன்று வருடம் இருந்தேன். 1985. மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் மேற்கு பேர்லினுக்குள் போய்விடலாம். அந்த நாளில் எங்கள் பிள்ளைகள் எத்தனையோ பேர் போன வழி அது. பிறகு எங்களைப் பிரித்து ஊர் ஊராக ஹைம்களுக்கு, அதாவது அகதி விடுதிகளுக்கு, அனுப்பினார்கள். ஒரு அறையில் நான்கு பேர். வேலை செய்ய அனுமதி இல்லை. குறித்த எல்லைக்கு வெளியே போகக் கூடாது என்று சட்டம். 21 வயதில் ஜன்னலால் பனியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அப்போது ஊருக்கு உன் அப்பப்பாவுக்கு ஒரு கடிதம் போட்டேன். காணியை ஈடு வைத்து என்னை அனுப்பினவர் அவர். ‘இங்கே வேலை செய்ய விடவில்லை, காசு அனுப்ப முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா’ என்று எழுதினேன். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. மாரி மழை நல்லது, கிணறு நிரம்பிவிட்டது, பசுக் கன்று போட்டிருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடு. நான் கேட்ட மன்னிப்புக்கு ஒரு சொல் இல்லை. கோபமா, கவலையா, அல்லது அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை என்று நினைத்தாரா? எனக்கு இன்றைக்கும் தெரியாது. பிறகு நான் கனடா வந்தேன், 1991-இல் அவர் போய்விட்டார், கேட்க ஆள் இல்லை.

நேற்று நானும் உன்னிடம் சாப்பிட்டாயா என்றுதான் கேட்டேன். அதனால்தான் நித்திரை வரவில்லை. தம்பி, எனக்குக் கோபம் இல்லை. ஏமாற்றமும் இல்லை. நீ எனக்கு ஒரு கடனும் பட்டிருக்கவில்லை. இதை எழுத்தில் வைத்திரு.

கோல் காப்பாளர் டிம் தாமஸ் பின்லாந்தில் ஆடிவிட்டு 31 வயதில் பொஸ்டனுக்கு வந்து, 2011-இல் என்.எச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பை தூக்கின கதையைச் சொன்னாய். என்னைத் தேற்றத்தான் சொன்னாய் என்று விளங்கியது. உனக்கும் அப்படி நடந்தால் நல்லது. ஆனால் நான் அதற்காகக் காத்துக்கொண்டிருக்க மாட்டேன். இசர்லோனில் நீ ஆடுகிற ஆட்டத்தையே பார்ப்பேன். அங்கே ஒரு பருவத்துக்கு ஏ.எச்.எல். போல 72 ஆட்டம் இல்லை, 52தான். மூன்று நாளில் மூன்று ஆட்டம் ஆடி இரவெல்லாம் பஸ்ஸில் படுக்கத் தேவையில்லை. கழகமே வீடும் காரும் தருகிறது என்றாய். ஒன்று மட்டும் கவனம். அங்கே கடைசியாக வரும் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டி வரலாம், இங்கே அப்படி ஒன்று கிடையாது. ஊரே அதை நினைத்துப் பயப்படும். வெளிநாட்டுக்காரனை முதலில் குறை சொல்லுவார்கள். ஆனால் நன்றாக ஆடினால் உன் பெயரைச் சொல்லி மேளம் அடித்துப் பாடுவார்கள், அதையும் கேள்.

கார் கையில் வந்ததும் ஒருநாள் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போ. ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். நான் இருந்தபோது அது இல்லை, 2002-இல்தான் கும்பாபிஷேகம் நடந்தது. அங்கே எங்கள் சனம் வரும், யாராவது சோறு தருவார்கள். நீ கும்பிடாவிட்டாலும் பரவாயில்லை, அம்மாவுக்கு ஒரு படம் அனுப்பு. பிறகு எங்கே வேண்டுமானாலும் போ. கிழக்கே, தெற்கே, கடற்கரைக்கு. எனக்கு அந்த நாட்டில் ஒரு எல்லைக்கு அங்கால் என்ன இருக்கிறது என்று தெரியாது, நீ பார்த்துச் சொல்லு.

சனிக்கிழமை நானே விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன், டாக்ஸி பிடிக்காதே. ஸ்டிக் பை நீளம், பின் சீட்டை மடித்து வைத்திருக்கிறேன். அங்கே வெள்ளி இரவு ஏழரைக்கு ஆட்டம் என்றால் இங்கே பகல் ஒன்றரை. முதல் வெள்ளிக்கிழமைக்கு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
அப்பா