பெயர்ந்த அக்ரிலிக் மேல் பூச வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் மகளிர் பக்கத்தில் செயற்கை நகம் பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். அக்ரிலிக் (பொடியையும் திரவத்தையும் குழைத்து நகத்தின் மேல் வைத்து இறுகவிடுவது) வைத்தாலே சொந்த நகம் மெலிந்து, பச்சை பிடித்து வீணாகிவிடும் என்று சொல்லி முடித்திருந்தீர்கள். சென்னையில் பார்லரில் நகவேலை மட்டும் செய்து பிழைக்கிறவள் நான், அதனால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நகம் கெட்டுப்போய் வருகிறவர்களை நானும் பார்க்கிறேன், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு நகம் கெட்டது அக்ரிலிக் வைத்த அன்றைக்கு இல்லை. மூன்று வாரம் கழித்து ரீஃபில்லுக்கு, அதாவது வளர்ந்த இடத்தைப் புது அக்ரிலிக்கால் நிரப்ப, வராமல் விட்டதில், இல்லாவிட்டால் வந்தவரை உட்காரவைத்து அரைமணி நேரத்தில் எதையோ பூசி அனுப்பியதில் கெட்டது.

கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். வைத்த அக்ரிலிக்கும் அதோடு சேர்ந்து முன்னால் போகும், பின்னால் தோலை ஒட்டி வெறும் நகம் தெரியும். அந்த இடைவெளி பார்க்க நன்றாக இல்லை என்பதற்காகத்தான் ரீஃபில் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். விஷயம் அது மட்டும் இல்லை. நீளமான நகத்தில் அக்ரிலிக்கைக் கொஞ்சம் கனமாக, மேடாக வைக்கிற ஒரு இடம் உண்டு, நாங்கள் அபெக்ஸ் என்போம், அடி படும்போது தாங்குவது அந்த மேடுதான். நகம் வளர வளர அது நுனிப்பக்கம் நகர்ந்துவிடும், தாங்கவேண்டிய இடம் மெலிந்துபோகும், அப்புறம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தாலோ கார் கதவைத் திறந்தாலோ நெம்பிக்கொண்டு முறியும், சில சமயம் சொந்த நகத்தையும் சேர்த்துப் பாதியில் கிழித்துவிடும். 2 முதல் 3 வாரத்துக்குள் வாருங்கள் என்று சொல்வது அதனால்தான், பணம் பிடுங்க இல்லை.

இன்னொன்று லிஃப்டிங், அதாவது ஓரத்தில் அக்ரிலிக் பெயர்ந்து தூக்கிக்கொள்வது. நம் வீடுகளில் கைக்கு ஓய்வு கிடையாது. பாத்திரம் தேய்க்கிறோம், தலைக்கு எண்ணெய் வைக்கிறோம், துணி அலசுகிறோம், ஐந்து விரலாலும் பிசைந்து சாப்பிடுகிறோம். எண்ணெய்ப்பசை இருக்கிற நகத்தில் அக்ரிலிக் பிடிக்காது, தூக்கின இடுக்கில் தண்ணீர் போய்த் தங்கும். ஈரம் தங்கினால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அங்கே வளர்ந்து நகத்தைப் பச்சையாக்கும். பூஞ்சை என்று நினைத்து மெடிக்கல் ஷாப்பில் ஏதாவது களிம்பு வாங்கிப் பூசுகிறார்கள், பூஞ்சைக் களிம்புக்கு பாக்டீரியா எப்படிப் போகும்? அந்த விரலில் இருக்கிற அக்ரிலிக்கை எடுத்துவிட்டு, நகத்தைக் காய விட்டு, தோல் டாக்டரிடம் காட்டவேண்டும். நல்ல நகக்கலைஞர் பச்சையைப் பார்த்தால் அதன் மேல் வேலை செய்யமாட்டார். "கல்யாணம் இருக்கு, கலர் போட்டு மறைச்சிடுங்க" என்று கேட்பவர்களிடம் முடியாது என்று சொல்லும்போது எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் முடியாதுதான்.

காரை பெயர்ந்த சுவரில் அந்தப் பெயர்ந்த காரையின் மேலேயே வெள்ளையடிப்பது போலத்தான் பல இடங்களில் ரீஃபில் நடக்கிறது. தூக்கியிருக்கிற பகுதியை முழுக்க ஃபைல் பண்ணி, அதாவது அரத்தால் தேய்த்து, எடுக்காமல் மேலே புது அக்ரிலிக் வைத்தால் இடுக்கு உள்ளேயே இருக்கும், வெளியே தெரியாது, அவ்வளவுதான். இதைவிட மோசம், தூக்கின பகுதியை நிப்பர் என்கிற சின்னக் குறடால் கடித்து இழுப்பது. அதோடு சொந்த நகத்தின் மேல் அடுக்கும் உரிந்து வரும், மெலிவது அங்கேதான். நகம் தேய்க்கிற டிரில்லை ஒரே இடத்தில் அழுத்தி வைத்து, பின்னால் சிவப்பாகப் பிறைபோலத் தடம் விழுந்திருக்கும் நகங்களையும் பார்த்திருக்கிறேன், சூடு பட்டு எரிந்தது என்று அவர்களே சொல்வார்கள். எரிகிறது என்று வாடிக்கையாளர் சொன்ன நிமிடமே டிரில்லை எடுத்துவிட வேண்டும்.

சரியாகச் செய்தால் பழைய கலரை எடுத்து, தூக்கின இடம் போகும் வரை ஃபைல் செய்து, பழைய அக்ரிலிக் முடிகிற இடத்தைச் சொந்த நகத்தோடு விளிம்பு தெரியாமல் சமன்படுத்தி, புதிதாக வளர்ந்த நகத்தில் படிந்திருக்கும் தோலையும் எண்ணெய்ப்பசையையும் நீக்கி, அக்ரிலிக் பிடிப்பதற்கான பிரைமர் தொட்டு, அப்புறம்தான் புது அக்ரிலிக். அதையும் தோலில் படாமல், மயிரிழை இடைவெளி விட்டு வைக்கவேண்டும். இறுகாத மோனோமர், அதாவது அக்ரிலிக் திரவம், திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் அலர்ஜி வரும், வந்தால் வாழ்நாள் முழுக்கப் போகாது. வாடிக்கையாளருக்கு மட்டும் இல்லை, தினமும் அதைக் கையாள்கிற எங்களுக்கும்தான்.

இனி உடைந்த நகத்துக்கு வருகிறேன். நுனியில் சின்னதாகச் சில்லு போயிருந்தால் பத்து விரலையும் கொஞ்சம் குட்டையாக்கினாலே போதும். நீளம் வேண்டும் என்றால் உடைந்த ஓரத்தைச் சரிவாக ஃபைல் செய்து, அடியில் ஃபார்ம் என்கிற அச்சுத்தாள் வைத்து, மூலையைப் புதிதாகக் கட்டலாம். விரிசல் என்றால் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போகிற வரை ஃபைல் செய்தே ஆகவேண்டும், கோட்டின் மேலேயே பூசினால் அதே கோட்டில் மறுபடி விரியும். சொந்த நகத்திலும் சதைவரை கிழிந்து ரத்தம் வந்திருந்தால் அது பார்லர் வேலையே இல்லை, ஆறும் வரை யாரும் அதன் மேல் எதையும் வைக்கக்கூடாது. வீட்டில் ஃபெவிக்விக் போட்டு ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உள்ளே இருக்கிற தண்ணீரையும் அழுக்கையும் சேர்த்து அடைத்துவிடும், நாங்கள் அதைச் சுரண்டி எடுப்பதற்குள் நகம்தான் தேயும். பார்லருக்கு வருகிற வரை ஒரு பேண்டேஜ் சுற்றிக்கொண்டால் போதும்.

பொருளைப் பற்றியும் சொல்லவேண்டும். அக்ரிலிக் திரவத்தில் இப்போது பயன்படுத்த வேண்டியது ஈ.எம்.ஏ. (எத்தில் மெத்தாக்ரிலேட்). மலிவாகக் கிடைப்பது எம்.எம்.ஏ. (மெத்தில் மெத்தாக்ரிலேட்). முழுக்க எம்.எம்.ஏ. கொண்ட நகப்பொருட்களை அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறை 1970களிலேயே கோர்ட்டுக்குப் போய்ச் சந்தையிலிருந்து எடுக்க வைத்தது. அது இறுகினால் ரொம்பக் கெட்டி. அடி பட்டால் அது உடையாது, அடியில் இருக்கிற சொந்த நகம் பிய்ந்துவிடும். அசிட்டோனில் ஊறவைத்தாலும் லேசில் கரையாது, ஃபைல் போட்டாலும் தேய மறுக்கும். லேபிள் இல்லாத பாட்டிலிலிருந்து ஊற்றினால் என்ன பிராண்ட் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக்குறைவு இல்லை, நாங்கள் காட்டக் கடமைப்பட்டவர்கள்.

பார்லர் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. புது செட்டுக்கு நேரம் ஒதுக்குகிறீர்கள், ரீஃபில்லை இரண்டு வாடிக்கையாளர்களுக்கு நடுவில் செருகுகிறீர்கள். ரீஃபில்லில் பாதி நேரம் பழையதை எடுப்பதிலேயே போகும், அந்த நேரத்தைக் கொடுக்காமல் வேலை செய்கிற பெண்ணைக் குறைசொல்லிப் பயனில்லை. சில நாள் வகுப்புகளிலும் நகம் வைக்கத்தான் சொல்லித்தருகிறார்கள். தூக்கின நகத்தை எப்படிச் சீர்செய்வது, எப்போது வேண்டாம் என்று திருப்பி அனுப்புவது என்பதையெல்லாம் வேலைக்குச் சேர்ந்த பிறகு அடுத்தவர் விரலில்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

ஆசிரியர் அவர்களே, இந்தப் பக்கத்தில் அடுத்த முறை நகம் பற்றி எழுதும்போது ஒரு தோல் மருத்துவரையும் இந்த வேலை செய்கிற ஒருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுங்கள். பச்சை பிடித்த நகத்தின் படமும் போடுங்கள். அந்தப் படத்தோடு தங்கள் விரலை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டிய வாசகிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
நகக்கலைஞர் ஒருவர், வேளச்சேரி, சென்னை