வேறொருவரின் கடனுக்காக என் தாயாரின் கைபேசிக்கு வரும் வசூல் அழைப்புகள் குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர் அவர்கள்,
வங்கியின் தலைமை அலுவலகம்.

பொருள்: எங்களுக்குத் தொடர்பில்லாத தனிநபர் கடனுக்கான வசூல் அழைப்புகளை நிறுத்துதல், வங்கிப் பதிவிலிருந்து கைபேசி எண்ணை நீக்குதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் வங்கியில் பல ஆண்டுகளாகச் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் வாடிக்கையாளர் நான். என் பெயரில் அண்மையில் வாங்கி, என் தாயார் பயன்படுத்திவரும் கைபேசி எண்ணுக்கு, முன்பின் தெரியாத ஒருவர் தங்களிடம் பெற்ற தனிநபர் கடனைக் கேட்டுத் தங்கள் வசூல் முகவர்கள் தொடர்ந்து அழைத்துவருகிறார்கள். அந்தக் கடனை நாங்கள் வாங்கவும் இல்லை, அதற்கு ஜாமீன் கையெழுத்துப் போடவும் இல்லை.

பயன்பாட்டிலிருந்து நீங்கிய எண்ணைக் குறைந்தது 90 நாள்கள் கழித்துத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வேறொருவருக்கு ஒதுக்குவது வழக்கம். இந்த எண்ணும் அப்படித்தான் எங்களுக்கு வந்திருக்க வேண்டும். அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால், ரத்தான எண்களின் பட்டியலைக் கொண்டு வாடிக்கையாளர் விவரங்களைச் சரிபார்த்துத் திருத்த வேண்டும் என்று 2025 ஜனவரி 17 அன்றே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை வெளியிட்டிருக்க, தங்கள் பதிவில் மட்டும் இந்த எண் இன்னும் பழைய உரிமையாளரின் பெயரிலேயே இருப்பது எப்படி என்று தெரியவில்லை.

அழைப்பவர்கள் பேசும் விதம்தான் எங்களை அதிகம் வருத்துகிறது. தவறான எண் என்று என் தாயார் சொன்னால், "பையனை ஒளிச்சு வெச்சுக்கிட்டு நாடகம் ஆடாதீங்கம்மா, வீட்டுக்கு ஆள் வரும்" என்கிறார்கள். நான் வாங்கிப் பேசினால், "அவரைத் தெரியாதுன்னா உங்க நம்பர் எப்படி எங்ககிட்ட வந்துச்சு?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது வங்கி. இரவு உணவு முடிந்து படுக்கப்போகும் நேரத்திலும் அழைப்பு வருகிறது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பத்து இலக்க எண்ணிலிருந்து வருவதால் தடை செய்தும் பயனில்லை. கடன் வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, எந்த நபரையும் மிரட்டவோ தொல்லைப்படுத்தவோ கூடாது என்று 2022 ஆகஸ்ட் 12 சுற்றறிக்கையிலேயே ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. 'எந்த நபரையும்' என்பதில், கடனே வாங்காத என் தாயாரும் அடங்குவார் என்று நம்புகிறேன்.

தங்கள் கிளையில் முறையிட்டபோது, அழைப்பது வெளி ஏஜென்சி என்பதால் அவர்களிடமே சொல்லிக்கொள்ளுமாறு கூறிவிட்டார்கள். முகவர்களின் செயலுக்கு வங்கியே பொறுப்பு என்பதையும் அதே சுற்றறிக்கை தெளிவுபடுத்தியிருக்கிறது. ஏஜென்சியில் சொன்னால், "நோட் பண்ணிட்டேன் சார்" என்கிறார்கள்; சில நாள்கள் அமைதி நிலவுகிறது; பிறகு வங்கியிலிருந்து புதிய நிலுவைப் பட்டியல் போனதும், அதே எண்ணைப் புதிதாக ஒருவர் அழைக்கிறார். பட்டியல் புறப்படும் இடத்தில் திருத்தாதவரை இது ஓயாது. எண்ணை நீக்க என் ஆதார் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்ன ஏஜென்சி ஊழியருக்கு நான் அனுப்பவில்லை, அனுப்பவும் மாட்டேன். எண் என் பெயரில் உள்ளதற்கான சான்றைக் கிளைக்கு நேரில் வந்து காட்டத் தயாராக இருக்கிறேன்.

இதில் தாங்கள் கவலைப்பட வேண்டிய இன்னொன்றும் உண்டு. அந்தக் கடன்தாரரின் நிலுவைத் தொகை, தவணை நாள், சில நேரங்களில் அவர் கணக்குக்கான ஓடிபி கூட என் தாயாரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது. முகம் தெரியாத ஒருவரின் பண நெருக்கடி எங்களுக்கு இவ்வளவு விவரமாகத் தெரிந்திருப்பது கூச்சமாக இருக்கிறது. நாங்கள் அவற்றை அழித்துவிடுகிறோம். இந்த எண் வேறு யாரிடமாவது போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தங்கள் பாதுகாப்புப் பிரிவு யோசிக்கட்டும்.

ஆகவே, அந்தக் கடன் கணக்கிலிருந்தும் அதையொட்டிய எல்லாப் பட்டியல்களிலிருந்தும் இந்த எண்ணை நீக்கி, ஏஜென்சிக்கும் அதைத் தெரிவித்து, நீக்கிய தேதியுடன் எனக்கு எழுத்துப்பூர்வமாக உறுதியளிக்க வேண்டுகிறேன். வசூல் முகவர்களின் அழைப்புகளைப் பதிவு செய்ய வேண்டும் என்ற வழிகாட்டுதல் 2008 முதலே இருப்பதால், இந்த எண்ணுக்கு வந்த அழைப்புகளின் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்து, மிரட்டிப் பேசியவர்கள் மீது எடுத்த நடவடிக்கையையும் தெரிவிக்கவும். அழைப்புகளின் நேரம், எண் விவரங்களையும் என்னிடமுள்ள ஒலிப்பதிவுகளையும் இத்துடன் இணைத்துள்ளேன். 30 நாள்களுக்குள் தகுந்த பதில் வராவிட்டால், இதே ஆவணங்களுடன் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகுவேன். வீட்டுக்கு ஆள் அனுப்பும் மிரட்டல் இன்னொரு முறை வந்தால், அந்த 30 நாள்கள் முடியும்வரை காத்திராமல் காவல் நிலையத்தில் புகார் அளிப்பேன்.

பதிலை என் சேமிப்புக் கணக்கில் பதிவாகியுள்ள மின்னஞ்சலுக்கு அனுப்பவும். இது குறித்து விளக்கம் கேட்பதற்காகக்கூட என் தாயாரின் எண்ணுக்கு அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வங்கியின் சேமிப்புக் கணக்கு வாடிக்கையாளர்