புல்லுக்கடியில் தண்ணீர்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே மழை விட்டபாடில்லை. நடவு ஒருவழியாக முடிந்தது.

அப்புறம், ஹவாய் போன என் மகள் பேர்ல் ஹார்பர் அருங்காட்சியகத்தில் ஒரு பழைய அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். நாலு எஞ்சின் பி-17. 'சதுப்புப் பேய்' என்று பேர். விமானச் சத்தம் கேட்டாலே வரப்பில் ஓடுவோமே, உன்னிடம் சொல்லாமல் எப்படி?

1942 பிப்ரவரி 23, இரண்டாம் உலகப் போர் நேரம். ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லிலிருந்து கிளம்பி, ஜப்பானியர் பிடித்திருந்த ரபாவுல் துறைமுகத்தில் குண்டு போடப் போயிருக்கிறார்கள். முதல் சுற்றில் கோளாறு, குண்டு விழவில்லை. விமானி பிரெட் ஈட்டன் திரும்பி வந்து மறுபடி போட்டார். ஜீரோ என்கிற ஜப்பானியச் சண்டை விமானங்கள் பிடித்துக்கொண்டன. தப்பி நியூகினித் தீவுக்கு வருவதற்குள் எரிபொருள் தீரப் பார்த்தது. அங்கே ஓவன் ஸ்டான்லி மலையைத் தாண்டினால்தான் அவர்கள் பக்கத்துத் தளமான போர்ட் மோர்ஸ்பி. வழியில்லை. கீழே பச்சைப்பசேலென்று புல்வெளி தெரிய, சக்கரத்தை விரிக்காமல் வயிற்றால் இறக்கிவிட்டார். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, புல்லுக்கடியில் அத்தனையும் தண்ணீர். சதுப்பு! பயிர் வளர்ந்துவிட்டால் எவ்வளவு தண்ணீர் நிற்கிறதென்று நமக்கே காலை விட்டால்தான் தெரியும். மேலிருந்து பார்த்தவர் என்ன செய்வார், பாவம்.

ஒன்பது பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பெரிய காயம் யாருக்கும் இல்லை. தோலை அறுக்கும் புல்லை வெட்டி வெட்டி, தண்ணீரிலேயே இரண்டு நாள் நடந்திருக்கிறார்கள். அப்போதுதான் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் கண்ணில் பட்டார்கள். என் மனதில் நிற்பவர்கள் அவர்கள்தான். யாருக்கும் யாருக்குமோ சண்டை. வானத்திலிருந்து விழுந்த ஒன்பது பேரைக் கூட்டிப்போய் இடம் கொடுத்து, ஓடத்தில் ஏற்றி ஆற்றோடு கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். மலேரியாவில் வாடி, ஏப்ரல் 1 அன்று போர்ட் மோர்ஸ்பி போய்ச் சேர்ந்தார்கள்.

விமானம் அங்கேயே கிடந்தது. 1972-ல் ஆஸ்திரேலிய விமானப்படை ஹெலிகாப்டர் ஒன்று பார்த்தபோது துப்பாக்கிகளில் தோட்டா அப்படியே இருந்ததாம். 2006-ல் கழற்றித் தூக்கினார்கள், 2013-ல் ஹவாய் வந்தது. அந்தச் சதுப்பிலேயே விட்டிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உனக்கு எப்படியோ.

பொங்கலுக்குக் கட்டாயம் வா. படத்தைப் பெரிதாகப் போட்டு வைக்கிறேன். குண்டு துளைத்த ஓட்டைகளை விரல் வைத்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
ராமு