செப்டம்பர் பயணம்: ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர்தானா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வரும் செப்டம்பரில் பிரான்ஸின் லொத், செலே ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்குப் போகும் சைக்கிள் பயணத்தின் விவரத்தைக் கடைச் சுவரில் ஒட்டியதிலிருந்து ஒரே கேள்விதான் வருகிறது. "ஐந்து நாள் ஓட்டி மொத்தம் 200 கிலோமீட்டர்கூட இல்லையே?" ஞாயிற்றுக்கிழமை ஆனைகட்டி போய்வந்து, காலை டிபனுக்கு முன்பே 60 கிலோமீட்டரை முடிக்கிறவர்கள் நீங்கள். விசா, விமானம் எல்லாம் பார்த்து அவ்வளவு தூரம் போய், நாளுக்கு 40 கிலோமீட்டர் என்றால் கேட்கத்தான் செய்வீர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறோம்.

முதலில் இடம். துலூஸ் நகரத்துக்கு வடக்கே சுமார் 110 கிலோமீட்டரில் காவோர் என்ற பழைய ஊர் இருக்கிறது. லொத் ஆறு அந்த ஊரை மூன்று பக்கமும் சுற்றி வளைத்துக்கொண்டு போகிறது. நாம் கிளம்புவதும் திரும்பி வந்து சேர்வதும் இங்கேதான். செவென் மலைகளில் பிறக்கும் லொத், கரோன் ஆற்றில் சேரும் வரை கிட்டத்தட்ட 480 கிலோமீட்டர் நெளிந்து ஓடுகிறது. காவோருக்குக் கிழக்கே சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தை அறுத்துக்கொண்டு வருவதால் இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை நிற்கும். ஆற்றுக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு சிறு சாலை, வால்நட் தோட்டம், இடையிடையே ஓர் ஊர். ஆற்றின் பெயரையே வைத்திருக்கும் லொத் மாவட்டம் நம் கோவை மாவட்டத்தைவிடச் சற்றுப் பெரியது. நம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பிலேயே 34 லட்சம் பேருக்கு மேல் இருந்தோம். அங்கே இருப்பது இரண்டு லட்சத்துக்கும் குறைவு. வடக்கு தெற்காக ஓடும் வாகனங்களை ஏ20 நெடுஞ்சாலை இழுத்துக்கொள்கிறது. ஆனாலும் ஒவ்வொரு சிற்றூருக்கும் நல்ல தார்ச்சாலை உண்டு. அந்தச் சாலைகளின் அமைதிக்குக் காரணம் அவ்வளவுதான்.

இதை நாங்கள் பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். முதல் வருடம் கைப்பேசி காட்டிய குறுக்குவழியை நம்பிப் பெரிய சாலையில் ஏறிவிட்டோம். பின்னால் லாரிகள் வரிசையாக வந்தன. எங்களோடு வந்த அக்கா ஒருவர் இறங்கி, ஓரப் புல்லில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். அன்று இரவு ஒரு காகித வரைபடம் வாங்கினோம். மிஷ்லான் நிறுவனம் போடும் அந்த வரைபடத்தில் வெள்ளைக் கோடு என்றால் சின்னச் சாலை, மஞ்சள் என்றால் கொஞ்சம் பெரியது, சிவப்பு என்றால் நமக்கு வேண்டாம். ஓரத்தில் பச்சை வரி இருந்தால் காட்சி நன்றாக இருக்கும். கோட்டின் மேல் அம்புக்குறி ஒன்று என்றால் ஏற்றம், மூன்று என்றால் இறங்கித் தள்ள வேண்டிய ஏற்றம். இன்றைக்கும் எங்கள் வழியை அதில் பென்சிலால்தான் போடுகிறோம். வெள்ளைக் கோடுகள் நேராகப் போவதில்லை, அதனால் நேரம் பிடிக்கும்.

அடுத்து, பயணத்தின் உயிர்நாடியான செலே பள்ளத்தாக்கு. செலே லொத்தின் கிளையாறு, நம் ஊர் வாய்க்கால்களைவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். பூசியேஸ் அருகே லொத்தில் கலக்கிறது. அங்கிருந்து கப்ரரே வழியாக ஃபிஜாக் வரை டி41 என்ற சாலை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் ஆற்றின் கூடவே போகிறது. ஒரே மூச்சில் ஓட்டினால் இரண்டரை மணி நேரம். நாங்கள் அதற்கு ஒன்றரை நாள் வைத்திருக்கிறோம். ஏன் என்று கேட்டால், அந்தச் சாலையில் நிற்காமல் போவதற்கு எங்களுக்கு மனம் வருவதில்லை.

கப்ரரேக்கு மேலே பேஷ் மெர்ல் குகை இருக்கிறது. 1922இல் பதின்ம வயதுப் பையன்கள் இரண்டு பேர் உள்ளே ஊர்ந்து போய்க் கண்டுபிடித்தது. புள்ளி வைத்த இரண்டு குதிரைகள், சுற்றிலும் பாறையில் கை வைத்து நிறம் ஊதிய தடங்கள். வயது சுமார் 29,000 ஆண்டு. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்து விடுவதால் சீட்டை முன்கூட்டியே எடுத்துவிடுகிறோம். குகைக்குப் போகும் ஏற்றம் சின்னதுதான், ஆனால் செங்குத்து. உள்ளே குளிரும். வியர்வையோடு நுழையாமல் ஒரு மேல்சட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மார்சியாக். ஆற்று வளைவில், பாதி இடிந்த பெனடிக்ட் துறவிகள் மடத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஊர். கூரை போன நடுக்கூடத்தில் வானம் தெரியும். இன்று கூட்டம் அலைமோதும் யாத்திரைத் தலமான ரொக்கமதூர் ஒரு காலத்தில் இந்த மடத்தின் கையில்தான் இருந்தது. கவனிப்பாரில்லாமல் கிடந்ததால் த்யூல் மடத்துத் துறவிகள் வந்து அமர்ந்துகொண்டார்கள். யாத்ரீகர்கள் குவியத் தொடங்கிய பிறகு இரு மடங்களுக்கும் நீண்ட வழக்கு நடந்தது. கடைசியில் ரொக்கமதூர் த்யூலிடமே தங்கிவிட்டது. பிறகு இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடந்த நூறாண்டுப் போர் வந்து மடத்தைச் சிதைத்தது. அந்தப் போரின் தடம் வழியெல்லாம் இருக்கிறது. பாறையின் பாதி உயரத்தில், குகை வாயை அடைத்துக் கட்டிய கல் சுவர்களைப் பார்ப்பீர்கள். "ஆங்கிலேயர் கோட்டை" என்பார்கள் ஊர்க்காரர்கள். இந்த ஊரில் ஓர் இரவு தங்குகிறோம். மாலை ஆறு மணிக்கு மேல் ஆற்றுச் சத்தம் மட்டும்தான். இந்த ஓர் இரவுக்காகவே பயணத்தை மறுபடி மறுபடி போடுகிறோம் என்று சொன்னாலும் தப்பில்லை.

சேன் சீர்க் லப்போப்பியைப் பற்றிப் பலர் படங்களில் பார்த்துவிட்டு விசாரித்தீர்கள். லொத் ஆற்றுக்கு 100 மீட்டர் மேலே, பாறை நுனியில் இருக்கும் ஊர். அந்தக் காலத்தில் மரம் கடைபவர்கள் மது பீப்பாய்களுக்குக் குழாய் செய்து பிழைத்த இடம். சர்ரியலிஸக் கவிஞர் ஆந்த்ரே ப்ரெத்தோன் 1950இல் இதைப் பார்த்து மயங்கி, வீடே வாங்கினார். 2012இல் பிரெஞ்சு மக்கள் தங்களுக்குப் பிடித்த கிராமமாக வாக்களித்தார்கள். அதனால் பகலில் பஸ்கள் வரும். நாம் போவது காலை ஒன்பதுக்கு முன்னால். பூசியேஸில் பாறையைக் குடைந்து போட்ட பழைய இழுபாதை ஒன்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துப் போன வழி. அதில் சைக்கிள் வேண்டாம், நடப்போம்.

ஃபிஜாக், எகிப்திய எழுத்தை 1822இல் படித்துக் காட்டிய ஷாம்போல்லியோன் பிறந்த ஊர். அங்கிருந்து மேட்டுநிலத்தைத் தாண்டி கஜார்க், பிறகு லொத் கரையிலேயே காவோர். கடைசி நாள் மட்டும் 50 கிலோமீட்டரைத் தாண்டும், ஆனால் ஆறு ஓடும் திசையிலேயே போவதால் கால் வலிக்காது. முடிவில் வலான்த்ரே பாலம். 1308இல் தொடங்கி எழுபது வருடம் கட்டிய, மூன்று கோபுரப் பாலம்.

ஜூலை, ஆகஸ்டில் ஏன் போவதில்லை? வெயில் 35 டிகிரியைத் தாண்டும், ஆற்றில் படகு நெரிசல், அறை கிடைக்காது. செப்டம்பரில் திராட்சை அறுவடை, காலையில் ஆற்றின் மேல் மூடுபனி.

சைக்கிளைப் பற்றி. பள்ளத்தாக்குக்குள் சாலை சமம்தான், ஒரு ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக மேட்டுநிலம் ஏறியாக வேண்டும். முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் 34, பின்னால் பெரியதில் 32 பல் இருந்தால் யாரும் தள்ள வேண்டாம். டயர் 32 மில்லிமீட்டர் போடுங்கள். கோடையில் அங்கே தார் தெளித்து மேலே சிறு ஜல்லி தூவிவிடுவார்கள். 'கிராவியோன்' என்ற பலகையைப் பார்த்தால் வேகத்தைக் குறையுங்கள், திருப்பத்தில் பிரேக் பிடிக்காதீர்கள். ஒரு தடவை நம்மில் ஒருவர் முழங்கையைத் தேய்த்துக்கொண்டார். வண்டி வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது தெரிந்ததே. அதைவிட முக்கியம், ஊருக்குள் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கச் சந்திலிருந்து வருபவருக்கு வழி விட வேண்டும். காதில் இயர்போன் மாட்டுவது அங்கே சட்டப்படி தடை. இருட்டிலும் மூடுபனியிலும் ஊருக்கு வெளியே ஓட்டினால் ஒளிரும் மேலங்கி கட்டாயம். ஊருக்கு வெளியே நம்மை முந்தும் கார் ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பதும் அங்கே சட்டம். பெரும்பாலும் அப்படித்தான் போகிறார்கள்.

சாப்பாடு. பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான் மதிய உணவு, தவறவிட்டால் மாலை வரை பட்டினி. திங்கட்கிழமை பல கடைகள் திறக்காது. அந்தப் பகுதிச் சமையலில் வாத்து இல்லாத தட்டு குறைவு. சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். வெள்ளாட்டுப் பாலில் செய்த சின்ன வட்டமான ரொக்கமதூர் சீஸைச் சூடாக்கி, வால்நட்டும் கீரையும் சேர்த்துத் தருவார்கள். மூன்று வேளையும் அதுவே வந்தால் அலுத்துவிடும் என்பதால், விடுதிகளில் பருப்பும் காய்கறியும் செய்து தரப் பேசி வைத்திருக்கிறோம். குடிநீருக்கு ஊர்க் கல்லறையின் வாசலில் குழாய் இருக்கும். குடிக்க உதவாது என்று எழுதியிருந்தால் மட்டும் தொடாதீர்கள்.

மொத்தம் எட்டுப் பேரைத்தான் அழைத்துப் போகிறோம். அதற்கு மேல் போனால் அந்தச் சின்னச் சாலையில் நாமே கூட்டமாகிவிடுவோம். தூரம் போதவில்லை என்று நினைப்பவர்களுக்கு மூன்றாம் நாள் மதியம் மேட்டுநிலத்தில் 30 கிலோமீட்டர் கூடுதல் வழி ஒன்றும் போட்டு வைத்திருக்கிறோம், விருப்பமிருந்தால் ஓட்டலாம்.

விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். வருகிற சனிக்கிழமை மாலை கடையில் வரைபடத்தை விரித்து வைத்திருப்போம். உங்கள் சைக்கிளையும் கொண்டு வாருங்கள், பின் கியரின் பற்களை எண்ணிப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் சைக்கிள் கடையினர்,
கோயம்புத்தூர்