"காவலர்" டிரெய்ட்டா, கீவேர்டா? புதிய எக்ஸ்பான்ஷன் குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, விளையாட்டு வடிவமைப்புக் குழு

பொருள்: கார்டுகளில் டிரெய்ட்டும் கீவேர்டும் குழப்பமாக அச்சிடப்பட்டிருப்பது, திருத்தம் கோருதல்

வணக்கம்.

உங்கள் கார்டு விளையாட்டின் அடிப்படைப் பெட்டியையும், அதற்குப் பின் வந்த எல்லா எக்ஸ்பான்ஷன்களையும் (கூடுதல் கார்டுப் பெட்டிகளையும்) வாங்கி விளையாடி வருகிறேன். ஓவியத்திலோ அட்டையின் தரத்திலோ எனக்குக் குறையில்லை. குறையெல்லாம் எழுத்தில்தான்.

டிரெய்ட் என்பது வெறும் அடையாளம், வேறொரு கார்டு அதைக் குறிப்பிடும்வரை அதற்குத் தனியாக எந்த வேலையும் கிடையாது என்று உங்கள் ரூல்புக்கே சொல்கிறது. கீவேர்டு என்றால் அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு முழு விதியே இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். புதிய எக்ஸ்பான்ஷனில் அதை நீங்களே மீறியிருக்கிறீர்கள்.

"காவலர்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படைப் பெட்டியில் அது கீவேர்டு: காவலர் களத்தில் இருக்கும்வரை எதிராளி வேறு யூனிட்டை, அதாவது களத்தில் இறங்கிப் போரிடும் வேறு கார்டை, தாக்க முடியாது. புதிய பெட்டியில் அதே சொல் சில கார்டுகளில் பெயருக்குக் கீழே, டிரெய்ட் வரியில் இருக்கிறது. சிலவற்றில் விதிப் பகுதியில் இருக்கிறது. ஒரு கார்டில் இரண்டு இடத்திலும் இருக்கிறது. இப்போது எதிராளி "இந்த யூனிட் தன் திறன்கள் அனைத்தையும் இழக்கும்" என்ற கார்டைப் போடுகிறார். காவலர் கீவேர்டாக இருந்தால் அது போய்விடும், டிரெய்ட்டாக இருந்தால் நிற்கும். அப்புறம் "உங்கள் காவலர்கள் ஒவ்வொருவரும் 1 பலம் கூடுதலாகப் பெறுவர்" என்ற தலைவர் கார்டு வேறு இருக்கிறது. ஆயுதக் கார்டால் காவலர் கீவேர்டைப் பெற்ற யூனிட்டுக்கும் அந்த 1 பலம் உண்டா? உங்கள் சேவைப் பிரிவிடம் கேட்டேன். முதல் பதில் உண்டு என்றது, அடுத்த பதில் இல்லை என்றது. இரண்டிலும் காரணம் சொல்லப்படவில்லை.

இது தீராத சிக்கல் ஒன்றும் இல்லை. 1993-இல் வெளிவந்த மேஜிக்: தி கேதரிங் விளையாட்டுக்கும் கிட்டத்தட்ட இதே தொல்லை இருந்தது. அதில் "சுவர்" என்பது உயிரின வகை, அதாவது உங்கள் டிரெய்ட் போன்ற அடையாளம். ஆனால் சுவர் தாக்க முடியாது என்ற விதியையும் அந்த வகைப் பெயரே சுமந்துகொண்டிருந்தது. 2004-இல் "டிஃபெண்டர்" என்று தனிக் கீவேர்டு உருவாக்கி, விதியை அதற்கு மாற்றினார்கள். பழைய சுவர்க் கார்டுகளுக்கும் அதிகாரப்பூர்வ வாசகத்தில் அந்தக் கீவேர்டைச் சேர்த்தார்கள். அதன்பின் சுவர் என்பது வெறும் வகை. யூ-கி-ஓ என்ற இன்னொரு கார்டு விளையாட்டு 2011-இல் கார்டு வாசகத்தையே ஒழுங்குபடுத்தி, எது நிபந்தனை, எது செலவு, எது விளைவு என்பதை நிறுத்தற்குறிகளை வைத்தே பிரித்துக் காட்டத் தொடங்கியது. ஒரு அரைப்புள்ளிக்கு அவர்கள் கொடுத்த மரியாதையை நீங்கள் ஒரு முழுச் சொல்லுக்குக் கொடுக்கவில்லை.

எண்ணோடு வரும் கீவேர்டுகளிலும் தெளிவில்லை. "கவசம் 1" உள்ள யூனிட்டுக்கு "கவசம் 2" கிடைத்தால் மொத்தம் 3-ஆ, பெரியதான 2 மட்டுமா? மேஜிக்கில் ஒரே உயிரினத்துக்குப் பறக்கும் திறன் இரண்டு முறை கிடைத்தாலும் கூடுதல் பயன் இல்லை; புஷிடோ என்ற கீவேர்டு இரண்டு முறை இருந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக வேலை செய்யும். அந்தந்தக் கீவேர்டின் விதியிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் ரூல்புக்கில் கவசத்துக்கு ஒரே ஒரு வரி, அதில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

"ஊடுருவல்" பற்றிச் சொல்லவே வேண்டாம். புதிய கீவேர்டு, கார்டில் அடைப்புக்குறிக்குள் விளக்கம் கிடையாது. பெட்டியில் வந்த தாள் "அடிப்படை ரூல்புக்கைப் பார்க்கவும்" என்கிறது. பார்த்தேன், அந்தச் சொல்லே அதில் இல்லை.

வீட்டில் நண்பர்களோடு விளையாடும்போது, சரி, ஏதோ ஒன்றை முடிவு செய்துகொண்டு ஆட்டத்தைத் தொடரலாம். போட்டியில் அப்படி முடியாது. ஒரு நடுவர் ஒரு மாதிரியும் அடுத்த நடுவர் வேறு மாதிரியும் தீர்ப்புச் சொன்னால், எந்த விதியை நம்பி டெக் (ஆட்டத்துக்கான கார்டுக் கட்டு) கட்டுவது?

எனவே நான் கேட்பது இதுதான். எல்லாக் கீவேர்டுகளுக்கும் முழு விளக்கம் கொண்ட ஆவணம் ஒன்றைத் தேதியிட்டு வெளியிடுங்கள். ஒரே கீவேர்டு இரண்டு முறை கிடைத்தால் கூட்டிக் கணக்கிடுவதா வேண்டாமா, திறன் இழப்பில் போகுமா போகாதா என்பது ஒவ்வொன்றுக்கும் அதில் இருக்க வேண்டும். கீவேர்டாக உள்ள எந்தச் சொல்லையும் டிரெய்ட்டாகப் பயன்படுத்தாதீர்கள். பயன்படுத்திய கார்டுகளுக்குத் திருத்தப்பட்ட வாசகத்தை அறிவியுங்கள். அடுத்த அச்சில் டிரெய்ட்டுக்கு ஒரு எழுத்துரு, கீவேர்டுக்கு வேறு எழுத்துரு என்று வைத்தால் பாதிக் கேள்விகள் வரவே வராது. இரண்டு இடத்திலும் "காவலர்" என்று அச்சான அந்தக் கார்டுக்கு மட்டும் மாற்றுக் கார்டு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். அது அச்சுப் பிழை என்றே நினைக்கிறேன். வேண்டுமென்றே செய்தது என்றால் காரணத்தை எழுதுங்கள்.

தலைவர் கார்டு பற்றிய கேள்விக்கு மட்டும் உடனே பதில் தேவை. இந்த முறை வடிவமைப்புக் குழுவில் ஒருவர் பார்த்துப் பதில் அனுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்