சராசரியைத் தூக்கிவிடு, சுமதி

அன்புள்ள சுமதி,

உன் மெயில் வந்து வெகுநாளாகிறது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். வாத்தியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுபடியும் எல்லோருடைய புரோகிராமிலும் குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள். மஞ்சள் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. கேட்காதே, தர மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கிராஃப் டேட்டாபேஸின் புள்ளிவிவரச் சுருக்கத்துக்கென்று நீ எழுதி அனுப்பிய புரோகிராம் கிளாஸைப் பார்த்தேன். நோடு (புள்ளி) எண்ணிக்கை, எட்ஜ் (இரண்டு நோடுகளை இணைக்கும் இணைப்பு) எண்ணிக்கை, லேபிள் (நோடின் வகைப்பெயர்) வாரியாக ஒரு டிக்ஷனரி (சாவியைக் கொடுத்தால் எண்ணிக்கை தரும் பட்டியல்), எல்லாம் சரி. கடைசியில் 'சராசரி டிகிரி' என்று, அதாவது ஒரு நோடுக்குச் சராசரியாக எத்தனை எட்ஜ் என்று, ஒரு ஃப்ளோட் (தசம எண்) வைத்திருக்கிறாய் பார், அதைத் தூக்கிவிடு. இதைச் சொல்லத்தான் இன்று உட்கார்ந்தேன்.

போன வாரம் இங்கே ஒரு குவெரி (தரவுத் தேடல்) இரவெல்லாம் ஓடியது. காலையில் வந்து பார்த்தால் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே நாட்டில் இருக்கும் முகவரிகளை ஜோடி ஜோடியாக எடுக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லா முகவரிகளும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில 'நாடு' நோடுகளில் போய்ச் சேருகின்றன. எந்த வழியில் தேடுவது என்று முடிவெடுக்கும் பிளானர் கையில் இருந்ததோ ஒரே ஒரு சராசரி. அதை நம்பி, இரண்டு படி தாண்டினால் சில ஆயிரம் வரிகள் வரும் என்று கணக்குப் போட்டு, இருப்பதிலேயே மோசமான வழியைத் தேர்ந்தெடுத்துவிட்டது. பிளானரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் கொடுத்த எண்ணை வைத்துத்தானே அது யோசிக்கும்?

நீயே காகிதத்தில் போட்டுப் பார். 1,001 நோடுகளை வட்டமாகக் கோத்துவிடு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு பேர், சராசரி டிகிரி 2. அடுத்து அதே 1,001 நோடுகளில் ஒன்றை நடுவில் வைத்து, மீதி ஆயிரத்தையும் அதோடு மட்டும் இணைத்துவிடு, நட்சத்திரம் மாதிரி. எட்ஜ்கள் 1,000, டிகிரிகளின் கூட்டுத்தொகை 2,000. சராசரி இங்கேயும் கிட்டத்தட்ட 2 தான். உன் கிளாஸுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கிராஃப். இப்போது ஒவ்வொரு நோடிலிருந்தும் கிளம்பி, வந்த வழியே திரும்பாமல் இரண்டு படி போகும் பாதைகளை எண்ணு. வட்டத்தில் 2,002. நட்சத்திரத்தில் 9,99,000. கிட்டத்தட்ட ஐந்நூறு மடங்கு வித்தியாசம், சுமதி!

இதற்கு மருந்து கூடுதலாக ஒரே ஒரு எண். ஒவ்வொரு நோடின் டிகிரியையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வை. நட்சத்திரத்தில் நடு நோடு பத்து லட்சம், மீதி ஆயிரமும் ஒவ்வொன்று, ஆக 10,01,000. அதிலிருந்து டிகிரிகளின் கூட்டுத்தொகை 2,000-ஐக் கழி. 9,99,000 அச்சாக வந்து நிற்கும். சமூகவியலாளர் ஸ்காட் ஃபெல்டு 1991-இல் சொன்னாரே, நம் நண்பர்களுக்குச் சராசரியாக நம்மைவிட அதிக நண்பர்கள் இருப்பார்கள் என்று, அதன் பின்னால் இருப்பதும் இதே வர்க்கக் கூட்டல்தான். அதிக எட்ஜ் உள்ள நோடு அதிகம் பேருடைய பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எட்ஜுக்குத் திசை உண்டென்றால் வருவதற்கும் போவதற்கும் தனித்தனி வர்க்கக் கூட்டுத்தொகை வேண்டும். கூடவே ஒவ்வொரு நோடிலும் வருவதையும் போவதையும் பெருக்கி, அதையும் கூட்டி வைக்க வேண்டும். இரண்டு படிப் பாதைக்குத் திசையோடு விடை தருவது அந்தப் பெருக்கல்தான்.

ஆக, கிளாஸில் கூட்டக்கூடியதை மட்டும் வை. எண்ணிக்கை, கூட்டுத்தொகை, வர்க்கக் கூட்டுத்தொகை. சராசரி யாருக்காவது வேண்டுமென்றால் கேட்கும்போது வகுத்துக் கொடுக்கும் ஒரு மெத்தட் போதும். இரண்டு சராசரிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒன்றுசேர்க்க முடியாது, கூட்டுத்தொகைகளைச் சேர்க்கலாம். புது எட்ஜ் வந்து ஒரு நோடின் டிகிரி d-யிலிருந்து ஒன்று கூடினால், வர்க்கக் கூட்டலில் 2d+1 சேர்த்தால் தீர்ந்தது. நீக்கினால் 2d−1 கழி. கிராஃபை முதலிலிருந்து ஓடிப் பார்க்கவே வேண்டாம். அதிகபட்ச டிகிரி மட்டும் அப்படி வளைந்து கொடுக்காது. சேர்க்கும்போது சரியாக ஏறும், நீக்கும்போது அடுத்த பெரியது எது என்று அதற்குத் தெரியாது. அதனால் அந்த ஃபீல்டுக்கு 'இதற்கு மேல் இல்லை' என்ற பொருளில் பெயர் வை. இதுதான் உண்மையான அதிகபட்சம் என்று படிப்பவர் நினைத்துவிடக் கூடாது.

அப்புறம் உன் டிக்ஷனரியின் சாவி. நியோ4ஜே என்ற கிராஃப் டேட்டாபேஸின் துணை நூலகமான அபாக்கில் புள்ளிவிவரம் கேட்டால் "(:ஆள்)-[:வசிக்கிறார்]->()" என்கிற வடிவில் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) சாவிகள் வரும். மனிதர் படிக்க அழகாக இருக்கும். நீயும் அதையே வைத்திருக்கிறாய், அங்கங்கே அதை வெட்டிப் பிரிக்க ரெகெக்ஸ் (எழுத்துகளின் அமைப்பைத் தேடும் சூத்திரம்) வேறு! உள்ளே நுழையும்போதே மூன்று உறுப்பு டூப்பிளாக (வரிசைத் தொகுப்பாக) மாற்றிவிடு: கிளம்பும் லேபிள், எட்ஜ் வகை, சேரும் லேபிள். எதுவானாலும் சரி என்கிற இடத்துக்குத் தனியாக ஒரு குறி வை, வெற்று ஸ்ட்ரிங் வேண்டாம். இன்னொன்று, நியோ4ஜே ஒரு பக்கம் லேபிள் உள்ள எண்ணிக்கையைத்தான் தயாராக வைத்திருக்கும். இரண்டு பக்கமும் லேபிள் வைத்துக் கேட்டால் எட்ஜ்களைத் தொட்டு எண்ணித்தான் சொல்லும். நீ டூப்பிளின் அந்த மூன்று உறுப்புகளையும் நிரப்ப நினைத்தால் அதற்கு ஆகும் நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்.

உன் டெஸ்ட்டில் லேபிள் வாரி எண்ணிக்கைகளைக் கூட்டினால் மொத்த நோடு வர வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். ஒரே நோடுக்கு இரண்டு லேபிள் வந்த அன்றைக்கு அது உடையும். ஆர்டிஎஃப் என்ற தரவு வடிவத்தில் வேலை செய்கிற ஆட்கள் இதை மறக்க மாட்டார்கள் என்று மேடை போட்டுப் பேசினவள் நீதானே! அதற்குப் பதிலாக, வரும் டிகிரிகளின் கூட்டுத்தொகையும் போகும் டிகிரிகளின் கூட்டுத்தொகையும் எட்ஜ் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கிறதா என்று பார். அது எப்போதும் பொருந்தியாக வேண்டும். பொருந்தாவிட்டால் எண்ணும் இடத்தில் பிழை, சந்தேகமே வேண்டாம்.

டிக்ஷனரியில் ஒரு சாவி இல்லையென்றால் பூஜ்யம் என்று திருப்புகிறாயே, அது எனக்குப் பயமாக இருக்கிறது. முழு கிராஃபையும் எண்ணியிருந்தால் இல்லாதது பூஜ்யம்தான். சாம்பிள் எடுத்து எண்ணியிருந்தால் இல்லாதது என்பது தெரியாதது. இரண்டும் ஒரே 0-வாக வெளியே போனால் பிளானர் அதையே உண்மை என்று எடுத்துக்கொண்டு அங்கிருந்துதான் கிளம்பும். ஒவ்வொரு எண்ணோடும் அது எண்ணியதா, மதிப்பிட்டதா, எந்த நேரத்து நிலை என்பதும் சேர்ந்தே போகட்டும்.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. இந்தச் சுருக்கத்தை வெளியாட்களுக்கு அனுப்பப் போகிறோம், வெறும் எண்கள்தானே என்று எழுதியிருந்தாய். உங்களுடையது மருத்துவத் தரவு. ஒரு சிற்றூரின் லேபிள், ஒரு அபூர்வ நோயின் லேபிள், நடுவே எண்ணிக்கை 1. அந்த ஊர்க்காரர் ஒருவர் அந்த வரியைப் பார்த்தால் போதும், யார் என்று சொல்லிவிடுவார். பெயரை நீக்கியதெல்லாம் வீண். சின்ன எண்களை மறைப்பதை அனுப்புகிறவரின் ஞாபகத்துக்கு விடாதே, ஃபைலாக எழுதும் மெத்தடுக்குள்ளேயே வை. ஒன்றை மட்டும் மறைத்தாலும் போதாது, மொத்தத்திலிருந்து மற்றவற்றைக் கழித்தால் மறைத்தது வெளியே வந்துவிடும். இதில் மட்டும் அவசரம் காட்டாதே, தயவுசெய்து.

ஒரு கேள்விக்கு மட்டும் உடனே பதில் போடு. உங்கள் ஷார்டுகளில் (டேட்டாபேஸைப் பிரித்து வைத்திருக்கும் துண்டுகளில்) ஒரு நோடின் எல்லா எட்ஜ்களும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா, பிரிந்து கிடக்கின்றனவா? பிரிந்திருந்தால் வர்க்கக் கூட்டல்களை அப்படியே சேர்க்க முடியாது. ஒரு ஷார்டில் 3, இன்னொன்றில் 4 என்றால் வர வேண்டியது 49, கையில் வருவதோ 25. அப்போது முதலில் நோடு வாரியாக டிகிரியைச் சேர்த்துவிட்டு, பிறகுதான் வர்க்கம். நீ எந்தப் பக்கம் என்று தெரிந்தால் அதற்கான புரோகிராமை நானே எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
மல்லிகா