பருப்பு வரும் வரை கைமாற்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நியாய விலைக் கடைகளுக்குத் துவரம் பருப்பும் பாமாயிலும் உரிய நேரத்தில் வந்து சேராத மாதங்களில் அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளக்கூடிய உதவி பற்றியும், அந்த உதவி நிலைத்து நிற்பதற்கு அரசு செய்ய வேண்டிய ஒரு காரியம் பற்றியும் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

சிறப்புப் பொது விநியோகத் திட்டம் 2007 முதல் நடைமுறையில் உள்ளது. கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பும், லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் கிடைப்பதை நம்பித்தான் எங்கள் வியாசர்பாடியில் பல வீடுகளின் மாதக் கணக்கு ஓடுகிறது. 2024 மே மாதத்தில் இவ்விரண்டும் பல கடைகளுக்கு வந்து சேரவில்லை. தேர்தல் நடத்தை விதிகளால் கொள்முதல் தாமதமானது என்று விளக்கமளித்த அரசு, மே மாதப் பங்கை ஜூனில் பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவித்தது. அறிவிப்பு சரியானதுதான். ஆனால் அதற்கு இடைப்பட்ட வாரங்களில் அடுப்பு எரிந்தாக வேண்டுமே.

அந்த வாரங்கள் எப்படிக் கழிகின்றன என்பதை வீட்டுக்குள் வந்து பார்த்தவர்களே அறிவார்கள். விலையில்லா அரிசி பானையில் இருக்கும். முதலில் நின்றுபோவது சாம்பார்தான். ரசம் வைத்தாலும் அதில் பருப்புத் தண்ணீர் சேராது, வெறும் புளிக்கரைசலாகவே குழந்தைகளின் தட்டுக்கு வரும். எண்ணெயைச் சில்லறையாக நூறு மில்லி, இருநூறு மில்லி என்று வாங்குவதால் மாத முடிவில் செலவு கூடுதலாகவே ஆகிறது. இதற்கு மேல், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், "லோடு வந்துவிட்டதா?" என்று கேட்பதற்காகவே கடைக்கு மீண்டும் மீண்டும் நடக்கிறார்கள், சரக்கு வந்த அன்றைக்குச் சர்வர் வேலை செய்யாமலோ, கைரேகை விழாமலோ போனால் அரைநாள் கூலியும் போய்விடுகிறது.

உதவும் மனத்துக்குச் சென்னையில் ஒருபோதும் பஞ்சமில்லை. 2015 வெள்ளத்தின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், முன்பின் தெரியாதவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் உணவுப் பொட்டலங்களைச் சுமந்து வந்ததை இந்த நகரம் மறக்காது. ஆனால் ரேஷன் தாமதம் என்பது வேறு வகைத் துன்பம். இங்கே அடுப்பு நனையவில்லை, அரிசியும் இருக்கிறது. குறைவது பருப்பும் எண்ணெயும் மட்டுமே. அந்த வீட்டுக்குச் சமைத்த சாப்பாட்டைப் பொட்டலமாகக் கொண்டுபோய், கையில் கொடுத்துப் படமும் எடுப்பது, கொடுப்பவர் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்தாலும், பெறுபவரைத் தலைகுனிய வைக்கிறது. படம் எடுப்பதை நன்கொடையாளர்கள் அருள்கூர்ந்து விட்டுவிட வேண்டும்.

எங்கள் தெருவில் மகளிர் சுயஉதவிக் குழுவினர் கண்ட வழி எளிமையானது. குழுச் சேமிப்பிலிருந்து ஒரு தொகையும், வசதியுள்ள சில வீடுகளின் பங்கும் சேர்த்து, கொத்தவால் சாவடியில் பருப்பு மூட்டையாக வாங்கி, அரைக் கிலோ பொட்டலங்களாகக் கட்டி வைத்தார்கள். கேட்டு வந்தவர்களுக்கு அதைத் தானமாகக் கொடுக்கவில்லை, கைமாற்றாகக் கொடுத்தார்கள். நோட்டில் எழுதியது வீட்டு எண்ணும் அளவும் மட்டுமே. ரேஷன் பருப்பு வந்ததும் அதே அளவைத் திருப்பித் தர வேண்டும் என்பதே ஏற்பாடு. அண்டை வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை கேட்டு வாங்குவது நமக்குப் பழக்கமானது என்பதால், இதைக் கேட்க யாரும் கூச்சப்படவில்லை. பெரும்பாலோர் திருப்பித் தந்தார்கள். முடியாதவர்களைக் குழுவும் வற்புறுத்தவில்லை. கடைக்கு நடந்து வர இயலாத முதியோர் வீடுகளுக்குக் குழுவினரே பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தால் இத்தகையோருக்குப் பொருள் வீடு தேடி வருகிறது என்றாலும், சரக்கே வராத மாதத்தில் முதலில் மறக்கப்படுபவர்கள் அவர்கள்தாம்.

அரசிடம் நான் கேட்பது இதனோடு சேர்ந்ததே. விடுபட்ட மாதத்தின் பங்கு அடுத்த மாதம் உறுதியாகக் கிடைக்கும் என்று தெரிந்தால்தான் ஒரு குடும்பம் துணிந்து கைமாற்று வாங்கும், குழுவும் துணிந்து கொடுக்கும். மாதம் முடிந்ததும் பங்கு காலாவதியாகிவிடுமோ என்ற அச்சம் இருந்தால் இந்த ஏற்பாடு முதல் மாதத்திலேயே முறிந்துபோகும். ஆகவே, தாமதம் உறுதியானவுடனேயே, மக்கள் கொந்தளிக்கும் வரை காத்திராமல், விடுபட்ட பங்கு அடுத்த மாதம் சேர்த்து வழங்கப்படும் என்பதை உணவு வழங்கல் துறை எழுத்தில் அறிவித்து, ஒவ்வொரு கடையின் தகவல் பலகையிலும் சரக்கு வரும் தேதியோடு எழுதச் செய்ய வேண்டும். உரிய உணவு தானியம் வழங்கப்படாவிட்டால் பயனாளிக்கு அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படித்தொகை தர வேண்டும் என்று தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013-இன் 8-ஆம் பிரிவு கூறுகிறது; பருப்புக்கும் எண்ணெய்க்கும் அப்படியொரு பாதுகாப்பு அச்சட்டத்தில் இல்லை என்பதால், மாநில அரசின் இந்த எழுத்துறுதி இன்னும் அவசியமாகிறது.

குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பலகையில் எழுதாத கடைகளைப் பற்றி 1967 என்ற எண்ணில் புகார் செய்யும் பொறுப்பைச் சங்கங்கள் ஏற்றுக்கொள்ளட்டும். நாள் கூலிக்குப் போகும் பெண்களுக்கு அதற்கு நேரமில்லை.

இப்படிக்கு,
குடியிருப்போர் நலச் சங்க உறுப்பினர்,
வியாசர்பாடி, சென்னை.